மரமும் மனையும்

செங்கற்பட்டு மாவட்டத்தில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே பெருஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது ஊரப்பாக்கம். சென்னை மாநகர் தெற்கு நோக்கி வளர வளர, இவ்வூரிலும் புதுமனைகள் பெருகி வருகின்றன. மனை கட்டி முடித்தோர் அடுத்து நாடுவன கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி முதலிய மரப்பொருள்கள். அவற்றைக் கடையில் ஆயத்தமாக வாங்குவோர் பலர். தச்சரிடம் சொல்லித் தமக்கெனச் செய்வித்துக்கொள்வோர் சிலர். சொல்லிச் செய்விப்பதனால் பெரும்பயன் உண்டு. ஆயினும் அளவு, மரம், பொருத்து என்னும் மூன்றையும் அறிந்து சொல்வோர்க்கே அப்பயன் முழுமையாகக் கிட்டும்.

முதலாவது அளவு. நாற்காலியில் அமர்பவரின் பாதம் தரையில் நன்கு படிய வேண்டும். பொதுவாக இருக்கையின் உயரம் ஏறத்தாழ 18 அங்குலமும், எழுதும் மேசையின் உயரம் ஏறத்தாழ 30 அங்குலமும் இருக்கும். இவ்வளவு எல்லார்க்கும் பொருந்துவதன்று. முழங்கால் வலியுடைய முதியோர்க்குச் சற்று உயர்ந்த இருக்கை எழுவதற்கு எளிது. சிறுவர்க்குத் தாழ்ந்த மேசையே ஏற்றது. ஆதலின் தேர்ந்த தச்சர் மனைக்கே வந்து, பொருள் நிற்கும் இடத்தையும் அதனைப் பயன்படுத்துவோரையும் கண்டு அளவெடுப்பார். வாயிலின் அகலத்தையும் அளக்க மறவார். செய்து முடித்த கட்டில் அறைக்குள் நுழையாவிடின் உழைப்பு வீணன்றோ!

இரண்டாவது மரம். தேக்கு, வேங்கை, பலா, பூவரசு, வேம்பு ஆகியன தமிழ்நாட்டுத் தச்சர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் மரங்கள். எம்மரமாயினும் அதன் நடுப்பகுதியாகிய வைரமே உறுதியானது. வெளிப்பகுதியைப் பூச்சிகள் எளிதில் அரித்துவிடும். வெட்டிய மரத்தில் நீர் மிகுந்திருக்கும். அந்நீர் வற்றும்போது மரம் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகச் சிறிது, குறுக்குவாக்கிலேயே மிகுதி. உலராத பலகையில் செய்த கதவு கோடையில் வெடிப்பதும் கோணுவதும் இதனாலேயாம். நன்கு உலர்ந்த மரமுங்கூட ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் சிறிது பருக்கும். கோடையில் மீண்டும் சுருங்கும். எனவே பலகைகளுக்கிடையே சிறு கட்டைகளை வைத்துக் காற்று ஊடாடுமாறு அடுக்கி, நிழலில் பல மாதங்கள் உலர்த்துவர். இக்காலத்தில் சூளையிலிட்டுச் சில வாரங்களில் உலர்த்தும் முறையும் உண்டு.

மூன்றாவது பொருத்து. ஒரு சட்டத்தின் முனையை நாக்குப்போல் மெலித்து, மற்றொரு சட்டத்தில் உளியால் எடுத்த துளையில் இறுகச் செருகுவது பழைய முறை. ஆணியால் மட்டும் இணைத்த நாற்காலி சில ஆண்டுகளில் ஆட்டங்காணும்; நாக்கும் துளையும் கூடிய நாற்காலி பல ஆண்டுகள் உறுதியாக நிற்கும். அலமாரிக் கதவின் நடுப்பலகையைத் தச்சர் பசையிட்டு ஒட்டுவதில்லை. சட்டத்தின் காடியில் செருகி, சிறிது இடம் விட்டு வைப்பர். பருவத்திற்கேற்பப் பலகை பருக்கவும் சுருங்கவும் அவ்விடம் உதவும். மரத்தின் இயல்பை அடக்காமல், அதற்கு இடங்கொடுத்துச் செய்வதே தச்சுக்கலையின் நுட்பம்.

இக்கலையின் தொன்மையை அதே மாவட்டத்தின் கடற்கரையிலுள்ள மாமல்லபுரத்தில் காணலாம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் பாறையைக் குடைந்து அமைத்த தேர்கள், அக்காலத்து மரக்கட்டடங்களின் வடிவைக் கல்லிற் காட்டுகின்றன. திரௌபதி தேரின் கூரை, வேய்ந்த குடிசையின் கூரையையே ஒத்திருக்கிறது. மரத்தில் அமைந்த கட்டடங்கள் மறைந்தன; தச்சர் கண்ட வடிவம் கல்லில் நின்றது. அவ்வூரில் 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர் அரசினர் கல்லூரியாக வளர்ந்து, மரபுச் சிற்பக்கலையையும் கட்டடக்கலையையும் கற்பித்து வருகிறது.

செய்விப்போர்க்குரிய கடமைகளும் உண்டு. இன்ன மரம், இன்ன கனம், இன்ன அளவு, மரத்தின் விலை, கூலி, முடித்துத் தரும் நாள் ஆகியவற்றை முன்னரே எழுதிக்கொள்ளுதல் நலம். மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பதால், அக்கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும். மெருகு பூசுமுன் ஒருமுறை சென்று பார்த்தல் இன்றியமையாதது; மெருகும் வண்ணமும் வெடிப்பையும் ஒட்டையும் மறைத்துவிடும். பேசிய கூலியைக் காலந்தாழ்த்தாது கொடுத்தலும் கடமையே.

ஒரு தேக்கு நன்கு முதிர ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகும். அம்மரத்தில் செய்த கட்டில் ஐந்தாண்டில் உடையுமாயின், குடும்பத்தின் சேமிப்போடு அம்மரத்தின் வாழ்நாளும் பாழாகும். பாட்டனார் செய்வித்த கட்டிலில் பேரன் உறங்குவானாயின், மரமும் வீணாகவில்லை. தச்சரின் உழைப்பும் வீணாகவில்லை.