மருந்தாகும் வழியில் ஒரு நஞ்சு



கலைத்துறையிற் பட்டம் பெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவனுக்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கக்கூடும். யான் இன்று கூறவிருக்கும் செய்தி வரலாற்றிலே தொடங்கி, வறுமையின் வழியே நடந்து, மனிதனின் மூளைக்குள்ளே சென்று முடிவது. ஆதலின், வரலாறு படிப்பிப்பவனுக்கும் அதிற் பங்குண்டு.

ஸ்பெயின் நாட்டு வைத்தியர் காஸ்பர் கசால் என்பார் 1735ஆம் ஆண்டில் ஏழைக் குடியானவரிடையே ஒரு விநோத நோயைக் கண்டார். வெயில் படும் தோல் சிவந்து தடித்தது, வயிற்றோட்டம் உண்டாயிற்று, ஈற்றிற் சித்தம் கலங்கி உயிரும் போயிற்று. இத்தாலியர் இதற்குப் பெலக்ரா, அஃதாவது சொரசொரத்த தோல், எனப் பெயரிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இந்நோய் பரவிற்று. சோளமாவே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளே பெரிதும் மாண்டனர். தொற்றுக் கிருமியே காரணம் என்று பலரும் நம்பினர்.

1914இல் இதனை ஆராய அனுப்பப்பட்டவர் ஜோசப் கோல்ட்பேர்கர் என்னும் அரசாங்க வைத்தியர். மனநோய் விடுதிகளில் நோயாளரைப் பிணி பிடித்தது. அவரோடு நாள் முழுதும் பழகிய பணியாளரைப் பிடிக்கவில்லை. தொற்றுநோயாயின் இது நிகழுமா? அநாதை விடுதிகளின் உணவிற் பாலும் முட்டையும் இறைச்சியும் அவரையினமும் சேர்க்கச் செய்தார். நோய் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. அதன் பின்னரும் சிலர் நம்ப மறுத்தமையால், 1916இல் நோயாளரின் இரத்தத்தைத் தமது உடலிலும் தம் மனைவியார் உடலிலும் ஏற்றச் செய்தார். எவருக்கும் நோய் வரவில்லை.

1929இல் அவர் காலமான பின், 1937இல் கொன்ராட் எல்வெஜெம் என்பார் நாய்களில் இந்நோயை ஒத்த கருநாக்கு நோயை நிக்கோற்றினிக் அமிலம் தீர்ப்பதைக் கண்டார். இன்று நாம் நயாசின் என வழங்கும் விற்றமின் அதுவே. ஆயினும் ஒரு புதிர் எஞ்சிற்று. பாலிலும் முட்டையிலும் நயாசின் மிகச் சொற்பம். அவ்வாறாயின் அவை நோயை எங்ஙனம் தடுத்தன?

விடை 1945இல் கிடைத்தது. புரதத்திலுள்ள திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உடலே நயாசினை ஆக்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 60 மில்லிகிராம் திரிப்தோபன் ஒரு மில்லிகிராம் நயாசினுக்கு ஈடு. சோளத்திலோ திரிப்தோபன் குறைவு. உள்ள நயாசினும் எளிதிற் பிரியாவண்ணம் கட்டுண்டு கிடக்கிறது. பழைய மெக்சிக்கோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து உண்டமையால் அக்கட்டு அவிழ்ந்தது. பயிரைக் கொண்டுசென்ற ஐரோப்பியர் பக்குவத்தைக் கொண்டுசெல்லவில்லை.

இனி மூளைக்கு வருவோம். திரிப்தோபனில் மிகச் சிறு பங்கே மனநிலையோடு தொடர்புடைய செரற்றோனின் ஆகிறது. பெரும்பங்கு கைனூரெனின் என்னும் பாதையிற் சென்று, பல படிகள் மாறுகிறது. அப்பாதையில் நயாசின் இனத்துக்கு முந்திய படியாக நிற்பது குயினோலினிக் அமிலம். ஈரலில் இது வெறும் இடைநிலைப் பொருள், வந்ததும் போய்விடும். ஆனால் மூளையில் தேங்குமாயின் நிலைமை வேறு. 1981இல் ஸ்ரோன், பேர்க்கின்ஸ் என்னும் ஆய்வாளர், இது நரம்புக் கலங்களைக் கிளர்ச்சியுறச் செய்வதைக் காட்டினர். குளூற்றமேற்று என்னும் தூதுப்பொருள் தட்டவேண்டிய கதவை இது தட்டித் திறந்துவிடுகிறது. திறந்த கதவால் கல்சியம் அளவு மீறிப் புகக் கலம் மடிகிறது. இரண்டு ஆண்டுகளின் பின், எலி மூளையில் இதனைச் செலுத்தியபோது நரம்புக் கலங்கள் அழிந்தமை காணப்பட்டது.

இதனைத் தேங்கச் செய்வது யாது? கிருமி புகுந்தால், உடலின் காவற்படை திரிப்தோபனை விரைந்து சிதைக்கும்படி கட்டளையிடுகிறது. பகைவனுக்கு உணவு கிட்டாதவாறு வயலை எரிப்பது போன்ற தந்திரம் அது. அந்தப் புகை நம் வீட்டையும் சூழ்கிறது. எய்ட்ஸ் நோயால் அறிவு மங்கியோரிலும், மூளை மலேரியா கண்ட ஆபிரிக்கச் சிறாரிலும், மூளையைச் சூழ்ந்த நீரில் இவ்வமிலம் மிகுந்திருந்தது. அல்சைமர் முதலிய நோய்களில் இதன் பங்கு எவ்வளவு, இது காரணமா அன்றி விளைவா என்பன இன்றும் ஆராயப்படுகின்றன. இயற்கை மாற்றும் வைத்திருக்கிறது. அதே பாதையிற் பிறக்கும் கைனூரெனிக் அமிலம் அக்கதவை அடைக்கவல்லது. இரண்டின் சமநிலையே மூளைக்கு நலம்.

ஆகவே ஒரே பாதை வறண்டாலும் சித்தம் கலங்கும். இடையிற் பெருகினாலும் மூளை வாடும். இதனைக் கேட்டு எவரும் திரிப்தோபன் உள்ள உணவுக்கு அஞ்ச வேண்டா. கேடு உணவிலன்று, அடங்காத அழற்சியிலேயே பிறக்கிறது. மாத்திரைகளை நாமாக வாங்கி விழுங்கவும் வேண்டா. 1989இல் அமெரிக்காவில் மாசு கலந்த திரிப்தோபன் மாத்திரைகளால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். பருப்பும் மீனும் முட்டையும் பாலும் நிலக்கடலையும் முறைப்படி உண்டால் தேவை நிறையும். காய்ச்சலிற் பிள்ளை பிதற்றினால், காலம் தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சித்தம் கலங்கியோரைப் பைத்தியம் என்று ஒதுக்கிய உலகில், அவர்தம் உணவுத் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்தார், எண்ணற்றோர் பிழைத்தனர். அப்பார்வை நமக்கும் வாய்க்குமாக.