புராஸ்டேட் புற்றுநோயும் காவல் புரதங்களும்

புராஸ்டேட் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவியிருக்கும்போது மரபணுப் பரிசோதனை செய்யுமாறு மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. "நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதே, இனி எதற்கு இன்னொரு சோதனை?" என்று குடும்பத்தினர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்கான விடை, நம் உயிரணுக்களைக் காக்கும் சில புரதங்களின் பணியில் அடங்கியுள்ளது.

உயிரணுக்கள் உடலின் தேவைக்கேற்பப் பிரிந்து பெருகுகின்றன; தேவை முடிந்ததும் நின்றுவிடுகின்றன. இந்த ஒழுங்கைப் பேணுபவை கட்டியை அடக்கும் புரதங்கள். வண்டிக்குப் பிரேக் போன்றவை இவை. இவற்றை உருவாக்கும் மரபணு ஒவ்வொன்றும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் பணியைத் தொடரும். இரண்டும் பழுதாகும்போது தடை அகன்றுவிடுகிறது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன் 1971ஆம் ஆண்டில் இக்கருத்தை முன்வைத்தார்.

புராஸ்டேட் புற்றுநோயில் நான்கு புரதங்கள் குறிப்பிடத்தக்கவை.

• பிடென்: வளர்ச்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தணிக்கிறது.
• ஆர்பி: உரிய வேளை வரும்வரை உயிரணுவைப் பிரியவிடாமல் நிறுத்தி வைக்கிறது.
• பி53: டி.என்.ஏ. சேதமுற்றால் பிரிவை நிறுத்துகிறது. சீர்செய்ய இயலாதெனில் அவ்வுயிரணுவை மடியச் செய்கிறது.
• பிஆர்சிஏ2: அறுந்த டி.என்.ஏ. இழைகளைப் பிழையின்றி இணைக்க உதவுகிறது.

பிடென் இழப்பு, ஆரம்ப நிலையைவிட முற்றிய நோயில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆர்பி, பி53 இரண்டும் செயலிழந்தால் நோய் ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது.

இழந்த புரதத்தை மீட்டுத் தரும் சிகிச்சை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனினும் அவ்விழப்பையே புற்றுக்கு எதிராகத் திருப்ப முடியும். பிஆர்சிஏ2 இல்லாத புற்றணு, தன் டி.என்.ஏ.வைச் சீர்செய்ய 'பார்ப்' என்னும் வேறொரு புரதத்தைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஒலாபரிப் என்னும் மாத்திரை அதையும் தடுக்கிறது. சேதம் பெருகிப் புற்றணு மடிகிறது. ஹார்மோன் சிகிச்சையை மீறி வளரும், பரவிய புராஸ்டேட் புற்றுநோயில், இத்தகைய மரபணுப் பழுது உள்ளோருக்கு 2020ஆம் ஆண்டில் அமெரிக்கா இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. இது எல்லோருக்கும் ஏற்றதன்று. யாருக்கு ஏற்றது என்பதைப் பரிசோதனையே காட்டும்.

இரண்டாவது காரணம் குடும்பம். கட்டியில் மட்டும் தோன்றிய பழுது பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. பிறவியிலேயே அமைந்த பழுதாயின், மகனாயினும் மகளாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. இதை இரத்தம் அல்லது உமிழ்நீர்ப் பரிசோதனையால் அறியலாம். "இது ஆண்களின் நோய், மகளிடம் சொல்வானேன்?" எனச் சில தந்தையர் தயங்குகின்றனர். பிஆர்சிஏ2 பழுது பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. ஆகவே மகளும் கட்டாயம் அறிய வேண்டும்.

பழுதைப் பெற்ற அனைவருக்கும் புற்றுநோய் வருவதில்லை. கண்காணிப்பை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதே அதன் பொருள். இதில் எவர் மீதும் குற்றமில்லை. அடுத்த முறை வரும்போது, உங்களுக்கு இப்பரிசோதனை தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள். இயன்றால் பிள்ளைகளையும் உடன் அழைத்து வாருங்கள்.