வருகை அட்டை வீசா அல்ல

தாய்லாந்துக்குப் போகிறவர்களுக்கு முன்பெல்லாம் ரி.எம். 6 என்றொரு கடதாசிப் படிவம் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரரிடம் பேனை இரவல் வாங்கி நிரப்பினால் சரி. 2025 மே 1 முதல் அந்த இடத்துக்கு டிஜிட்டல் வருகை அட்டை வந்திருக்கிறது. ஆகாயம், தரை, கடல் எவ்வழியாகப் போனாலும், சேருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வெளிநாட்டவர் இதை இணையத்தில் நிரப்ப வேண்டும்.

பலர் இதையே வீசா என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. யார் வருகிறார், எங்கே தங்குகிறார் என்ற முன்னறிவிப்பு மட்டுமே இது. வீசா விதி வேறு. அது அடிக்கடி மாறும், தனியே பார்க்க வேண்டும்.

இரண்டு விடயத்தில் கவனம் தேவை. ஒன்று, பெயர். நம்மவரின் 'முஹம்மத்' ஒன்றுக்கே ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல். வழக்கமாக எழுதுகிறபடியல்ல, கடவுச்சீட்டில் உள்ளபடியே போட வேண்டும். குடும்பப் பெயரும் மற்றப் பெயர்களும் இடம் மாறக் கூடாது.

மற்றது, காசு. தாய்லாந்துக் குடிவரவுப் பணியகத்தின் தளத்தில் இந்த அட்டை இலவசம். அதே சாயலில் தளம் வைத்துக் கட்டணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அட்டைக்கென்று காசு கேட்டால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். ஆங்கிலம் வாசிக்காத உம்மா வாப்பாவுக்கு நிரப்பிக் கொடுக்கும் பிள்ளைகள், அனுப்புமுன் இந்த இரண்டையும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.