பழைய கோப்புகளும் புதிய மென்பொருளும்

நமது சங்க அலுவலகங்கள் பலவற்றில் கணிப்பொறி வந்து அமர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. தீர்மானங்கள், சுற்றறிக்கைகள், அங்கத்தினர் பட்டியல், ஆண்டறிக்கை ஆகிய யாவும் அதிலேயே எழுதப்பட்டு வருகின்றன. பொறி பழுதாகுங்கால் புதியது வாங்குகிறோம். அதனுடன் எழுதும் மென்பொருளும் புதிதாகிவிடுகின்றது. பழைய கோப்புகள் அப்புதிய மென்பொருளில் எவ்வாறு திறக்கும் என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் ஒருவரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. கேளாததனால் விளைந்த ஓர் இடரை நாம் நேரிற் கண்டோம். அதனை முதலிற் கூறிவிட்டுக் காரணத்திற்கு வருவோம்.

நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிட அண்மையில் நாம் சென்றிருந்தபோது, காலஞ்சென்ற அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் அலுவலகத் திண்ணையில் அமர்ந்திருந்தார். கணவரது பங்குத்தொகையைப் பெறுவதற்காக அவர் வந்தது அது மூன்றாம் முறை. தமக்குப் பின் தொகையைப் பெறவேண்டியவர் இன்னார் என்று கணவர் எழுதிக் கொடுத்திருந்தார் என்பதில் காரியதரிசிக்கு ஐயமில்லை. ஆனால் நியமனப் பதிவேட்டின் அப்பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது. நல்ல வேளையாக, 2003-ஆம் ஆண்டில் அங்கிருந்த எழுத்தர் அப்பதிவேடு முழுவதையும் கணிப்பொறியில் தட்டெழுதி வைத்துச் சென்றிருந்தார். கோப்பு இருந்தது, திறக்கவும் திறந்தது. அங்கத்தினர் எண், தேதி, தொகை ஆகிய இலக்கங்கள் யாவும் தெளிவாகத் தெரிந்தன. பெயர்கள் இருக்கவேண்டிய இடங்களிலோ ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. எவ்வளவு தொகை என்பது தெரிந்தது. யாருக்கு என்பது தெரியவில்லை.

"கோப்பு கெட்டுப் போய்விட்டது ஐயா" என்றார் காரியதரிசி. கோப்பு கெடவில்லை. அதனைப் படிக்கும் முறையைப் புதிய பொறி அறியாதிருந்தது, அவ்வளவே.

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை, எண்ணாக வைத்திருக்கின்றது. இன்ன எண்ணுக்கு இன்ன வடிவம் என்று திரையில் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. தொடக்க நாட்களில் தமிழுக்கெனத் தனி எண்கள் பொறிகளில் வழக்கத்திற்கு வரவில்லை. ஆகவே எழுத்துருவை அமைத்தவர்கள், ஆங்கில எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் உரிய இருக்கைகளிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தினார்கள். நம்மவர் நன்கறிந்த பாமினி எழுத்துருவை எடுத்துக் கொள்ளுவோம். அதில் 'அம்மா' என்று எழுதினால், உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. பாமினி உள்ள பொறியில் அவை அம்மாவாகத் தோன்றும். இல்லாத பொறியில் பொருளற்ற ஆங்கிலமாகத் தோன்றும். அன்றியும், ஒருவர் அமைத்த எழுத்துருவின் இருக்கை வரிசை மற்றொருவருடையதோடு ஒத்திருக்கவில்லை. ஒரு சங்கத்தில் எழுதியதை அடுத்த ஊர்ச் சங்கத்தில் படிக்க இயலாத நிலை இவ்வாறே உண்டாயிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. அதன் பயனாக டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளும், தமிழ்99 என்னும் விசைப்பலகையும் தமிழக அரசினரால் ஏற்கப்பட்டன. ஆயினும் உலகப் பொதுமுறையாகிய யூனிகோடு 1991-இலேயே வெளிவந்து, தமிழுக்குத் தனி இருக்கைகளை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 முதல் அம்முறைத் தமிழ் பொறியோடு சேர்ந்தே வரலாயிற்று. 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 என்பதனையும் அரசினர் தரமாக அறிவித்தனர். ஆகவே அந்நாட்களுக்கு முன் எழுதப்பட்ட நமது கோப்புகள் எந்த முறையில் உள்ளன என்பதை ஒவ்வொன்றாகத்தான் பார்த்தறிய வேண்டும்.

எழுத்து ஒருபுறமிருக்க, கோப்பின் அமைப்பே மாறியதும் உண்டு. மைக்ரோசாப்ட் வேர்டு 97 முதல் 2003 வரை 'டாக்' என்னும் ஒரே வகை வழங்கியது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டாக்-எக்ஸ்' என்னும் புதுவகை வந்தது. பழையதைப் புதியது திறக்கும். புதியதைப் பழையது தானாகத் திறவாது. இதற்கென இணைப்பு மென்பொருள் ஒன்று இலவசமாகத் தரப்பட்டு வந்து, 2018-இல் அதுவும் நிறுத்தப்பட்டது. பழைய டாக் கோப்பைப் புதிய வேர்டில் திறந்தால் மேற்பட்டையில் 'கம்பாட்டிபிலிட்டி மோடு' என்ற சொற்கள் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். அதனை எச்சரிக்கை என்று எண்ணி அஞ்சுவோர் உளர். உண்மையில் அது ஒரு வசதி: பழைய பதிப்பு அறியாத புதிய அம்சங்களைத் தான் பயன்படுத்தாமல் அடக்கி வைத்துக்கொண்டு, மீண்டும் பழைய பொறியிலும் திறக்கக்கூடியவாறு கோப்பைக் காக்கின்றது. தலைமைச் சங்கத்தில் புதிய பொறியும் கிளைகளில் பழைய பொறியும் உள்ள வரையில் அந்நிலையிலேயே வேலை செய்வது நன்று.

சில இடங்களில் எழுத்தர்கள் கோப்பின் பெயரிலுள்ள இறுதிச் சொல்லை மட்டும் திருத்திவிட்டு, வகை மாறிவிட்டது என்று கருதுகிறார்கள். 60-ஆம் நம்பர் நூற்சிட்டத்தின்மேல் 80 என்று சீட்டு ஒட்டினால் நூல் மெலிந்துவிடுமா? மென்பொருளின் வழியே வேறு வகையாகச் சேமித்தால்தான் வகை மாறும்.

மாற்றத்தில் எப்பொழுதும் சிறிது சிந்துவதுண்டு என்பதையும் மறத்தலாகாது. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் நயா பைசா வந்தபோது, நாலணா இருபத்தைந்து பைசாவாகச் சரியாக மாறியது. ஓரணாவோ ஆறே கால் பைசா. ஆறு என்று கொண்டால் காற்பைசா விடுபடும். அக்காலத்துக் கடைக்காரர்கள் அந்தக் காற்பைசாவைப் பற்றி எவ்வளவு பேசினார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்கள் கூற நாம் கேட்டிருக்கிறோம். கோப்பை மாற்றும்போதும் இதுவே நிகழும். எளிய கடிதம் நாலணாவைப் போலச் சரியாக மாறும். அட்டவணைகள், பக்கத் தலைப்புகள், பெட்டிக்குள் எழுதிய வாசகங்கள் ஆகியவற்றில் காற்பைசாக்கள் விடுபடும். பக்கங்கள் முன்பின்னாக நகரும். ஏழாம் பக்கத்துத் தீர்மானம் எட்டாம் பக்கத்திற்குப் போய்விட்டால், 'ஏழாம் பக்கம் காண்க' என்று வேறோரிடத்தில் எழுதியது பொய்யாகிவிடும் அன்றோ?

மேற்சொன்ன சங்கத்திற்குத் திரும்புவோம். புரியாத எழுத்துக்களின்மேல் சுட்டியை வைத்து, எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியை நோக்கினோம். எழுத்துரு பொறியில் இல்லாவிடினும் கோப்பு அதன் பெயரை நினைவில் வைத்திருக்கும். வேர்டு அப்பெயரைக் காட்டும். பெயர் தெரிந்தபின் வேலை எளிதாயிற்று. பக்கத்து ஊரில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடைக்காரர் ஒருவரிடம் அவ்வெழுத்துரு இருந்தது. அதனை நிறுவியதும் பெயர்கள் திரையில் எழுந்து நின்றன. காரியதரிசி உடனே அம்மையாரை உள்ளே அழைக்க எழுந்தார். நாம் தடுத்து, முதலில் கோப்பைப் படியெடுத்துக் கொண்டு, அப்படியை யூனிகோடாக மாற்றுமாறு கூறினோம். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றிய கோப்பில் அம்மையாரின் பெயரைத் தட்டித் தேடினார் காரியதரிசி. அப்படி ஒரு பெயர் இல்லை என்று பொறி விடையளித்தது. அவர் முகம் வாடிவிட்டது. அங்கத்தினர் எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கச் சொன்னோம். அவ்வரியில் பெயர் தெளிவாகவே இருந்தது! கண்ணுக்கு இருப்பது பொறிக்கு ஏன் இல்லை?

அம்மையாரின் பெயர் 'கௌ' என்னும் எழுத்தில் தொடங்குவது. பழைய எழுத்துருவில் இவ்வெழுத்தை எழுதக் கொம்பையும், ககரத்தையும், பின்னர் ளகரத்தையும் தட்டுவது வழக்கம். மாற்றி அதனைக் 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்தாகக் கொண்டுவிட்டது. யூனிகோடிலோ 'கௌ' என்பதற்கு ஔகாரக் குறி தனியே உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பொறிக்கு வேறு வேறு. கௌரி, கௌசல்யா, மௌலி போன்ற பெயருடையோர் அனைவரும் இம்மாற்றத்தில் தொலைந்து போகக் கூடும். இவற்றைக் கையாற்றான் திருத்த வேண்டும்.

கொம்பைப் பற்றி இன்னும் ஒன்று. பழைய எழுத்துருக்களில் 'கெ' என்பதற்குக் கொம்பு முன்னும் ககரம் பின்னும் பதிவாகும். காகிதத்தில் எழுதும் வரிசை அது. யூனிகோடில் ககரம் முன்னும் கொம்பு பின்னும் பதிவாகும். ஒலிக்கும் வரிசை இது. செம்மையாக எழுதப்படாத மாற்றி இவ்வரிசையைத் திருப்பத் தவறினால், கொம்பு அடுத்த எழுத்தைப் பற்றிக்கொள்ளும். பெயர் வேறு பெயராகும். ஆங்கிலத்தில் எழுதிய பகுதிகளைத் தவறுதலாக மாற்றியில் இட்டுவிட்டாலோ, நல்ல ஆங்கிலம் புரியாத தமிழாகிவிடும்.

ஆகவே சரிபார்க்காமல் எதனையும் ஏற்றல் கூடாது. நாம் அங்குக் கையாண்ட வழி தணிக்கையில் வழக்கமானதே. பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் வரிகளின் எண்ணிக்கையும் பங்குத்தொகைகளின் கூட்டும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்தோம். பிறகு, கரையான் தீண்டாத பக்கங்களை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையில் நோக்கி வந்தார். ஒரு முற்பகல் முழுவதும் பிடித்தது. காரியதரிசிக்கு இது வீண் வேலையாகத் தோன்றியிருக்கலாம். பதினொரு பெயர்களில் பிழை கண்டபின் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய கோப்பை என்ன செய்வது என்று கேட்டார்கள். அழிக்கவே கூடாது. அதில் ஒரு புள்ளியும் மாற்றாமல், அதற்குரிய எழுத்துருவையும் உடன் வைத்து, இரண்டு இடங்களில் காத்தல் வேண்டும். இன்றைய மாற்றி செய்த பிழை நாளை தெரியவந்தால், மீண்டும் தொடங்குவதற்கு மூலம் வேண்டுமல்லவா? புதுப் பாவை ஏற்றும்போது பழைய பாவின் நுனிகளைத் தறியிலேயே விட்டு வைத்து, இழைக்கு இழை பிணைக்கிறோம். நுனியை அறுத்தெறிந்தவர் அச்சில் ஒவ்வோர் இழையையும் புதிதாகக் கோக்க வேண்டியதுதான்.

இனித் திருத்தம் தேவைப்படாத ஆவணங்கள் உண்டு. நிறைவேறிய தீர்மானங்களும் தணிக்கை அறிக்கைகளும் அத்தகையவை. இவற்றைப் பி.டி.எப்-ஏ என்னும் வகையில் சேமித்தல் தகும். நெடுங்காலக் காப்புக்கென்றே 2005-இல் உலகத் தரமாக்கப்பட்ட வகை அது. எழுத்துருவைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்வதனால், எந்தப் பொறியிலும் எழுதிய வடிவிலேயே தோன்றும்.

ஆண்டறிக்கைகளையும் மலர்களையும் பேஜ்மேக்கரில் கோத்து வைத்துள்ள சங்கங்கள் சற்று விரைந்து செயற்படுதல் நலம். அதன் கடைசிப் பதிப்பாகிய 7.0 வெளிவந்தது 2001-இல். அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன், 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பு வரையில்தான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது, பின்வந்தவை திறப்பதில்லை. அச்சுத்தொழிலில் முன்பு பெருவழக்காயிருந்த டைப்-1 எழுத்துருக்களுக்கும் அடோபி நிறுவனத்தார் 2023 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டனர். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஜ்மேக்கர் கோப்புகளை ஓரளவு திறக்கின்றது. ஆயினும் பக்க அமைப்பு முழுவதும் பிழைக்கும் என்று உறுதி கூறவியலாது. பழைய பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பி.டி.எப் எடுத்துக் கொள்ளுவதே வழி.

மென்பொருள் எழுதுவோர் யாவரும் பழையவற்றைக் கைவிடுகிறார்கள் என்று கூறுவதும் நியாயமன்று. டொனால்டு நூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், நூல்களை அச்சுக்கோப்பதற்காக 1978-இல் 'டெக்' என்ற மென்பொருளை உருவாக்கினார். 1990-க்குப் பின் அதில் பிழை திருத்துவதன்றிப் புதியது ஒன்றும் சேர்ப்பதில்லை என்று உறுதி பூண்டார். அதன்மேல் கட்டப்பட்ட லேடெக்கின் புதிய பதிப்பு 1994-இல் வந்தபோதும், முந்தைய பதிப்புக்கென எழுதிய ஆவணங்களின் முதல் வரியைக் கண்டே இனமறிந்து பழைய முறையில் நடக்கும் ஏற்பாடு அதில் வைக்கப்பட்டிருந்தது. யூனிகோடுக்கும் அத்தகைய விதி ஒன்றுண்டு: ஒருமுறை கொடுத்த இருக்கையை எந்த எழுத்தினிடமிருந்தும் திரும்பப் பெறுவதில்லை. புதியன சேரலாம். 2019-இல் தமிழுக்கு ஐம்பத்தொரு குறிகள் அவ்வாறு சேர்ந்தன. மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளும் பழைய தானிய அளவைக் குறிகளும் அவற்றுள் அடங்கும். தாத்தாவின் நிலக் கணக்கை வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்கள் அதனை அவ்வாறே தட்டெழுத இடம் கிடைத்துள்ளது; அக்குறிகளைக் காட்டும் எழுத்துரு பொறியில் இருத்தல் வேண்டும்.

புதிய பொறி வாங்கும் தீர்மானத்தைப் பஞ்சாயத்தார் நிறைவேற்றுங்கால், விலைப்பட்டியலோடு மற்றொன்றையும் கேட்டு வாங்குதல் வேண்டும். சங்கத்திலுள்ள கோப்புகள் எவ்வகையின, எந்த எழுத்துருவின, எந்த ஆண்டின என்ற பட்டியலே அது. அதிலிருந்து வகைக்கு ஒரு கோப்பை எடுத்துச் சென்று, கடையிலேயே புதிய பொறியில் திறந்து பார்த்துவிடலாம். பணம் கொடுத்த பின்னர்ப் பார்ப்பதைவிட இது எளிது.

அம்மையாருக்குரிய தொகை அடுத்த கூட்டத்திலேயே அனுமதிக்கப்பட்டது. அச்சங்கத்தில் மாற்றவேண்டிய கோப்புகள் இன்னும் பல உள்ளன. சனிக்கிழமை தோறும் ஐந்தைந்தாக மாற்றி, இருவர் படித்துச் சரிபார்த்து வருகிறார்கள். பழைய பொறியை விற்றுவிடுவதென முன்பு செய்திருந்த தீர்மானம், பட்டியல் முடியும் வரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றது.