இங்கிலாந்தில் அரசுத் திருச்சபை: பிணைப்பும் நீக்கமும் குறித்த அரசியல் விவாதம்

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்துத் திருச்சபை, அரசின் சட்டப்பிணைப்பு உடைய திருச்சபையாக நீடிக்க வேண்டுமா என்னும் வினா ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக அந்நாட்டு அரசியலில் எழுந்தும் அடங்கியும் வருகிறது. இவ்விவாதம் பெரும்பாலும் சமயத்திற்கும் சமயச்சார்பின்மைக்கும் இடையிலான போட்டியாகவே விளக்கப்பெறுகிறது. அரசுப் பிணைப்பு என்பது பல தனித்தனி உறவுகளின் தொகுதி என்பதையும், அவ்வுறவுகள் அரசையும் திருச்சபையையும் ஒருசேரக் கட்டுப்படுத்துவதால் யார் யாரை ஆளுவது என்பதே விவாதத்தின் மையமாக அமைகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரசுத் திருச்சபை, பிணைப்பு நீக்கம், நாடாளுமன்றம், வழிபாட்டு நூல், பங்கு, சமயச்சார்பின்மை.

1. முன்னுரை

எட்டாம் ஹென்றி 1534ஆம் ஆண்டின் சட்டத்தால் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமையைத் தனதாக்கிக் கொண்டார். மேரியின் ஆட்சியில் ரோமுடன் மீண்டும் ஏற்பட்ட இணைப்பு, 1559இல் முதலாம் எலிசபெத் காலத்தில் முறிந்தது. அப்போது அரசி திருச்சபையின் ‘தலைவர்’ எனப்படாமல் ‘உச்ச ஆளுநர்’ எனப்பட்டார். இன்றைய மன்னரும் இப்பதவியையே வகிக்கிறார்.

அக்காலத்தில் இவ்வமைப்புக்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டவர் ரிச்சர்ட் ஹூக்கர். இங்கிலாந்தின் குடிமக்களும் அதன் திருச்சபையின் உறுப்பினர்களும் ஒரே மக்கள் கூட்டத்தினர். ஒரு நிலையில் நோக்கினால் நாடு, மறு நிலையில் நோக்கினால் சபை என்பது அவர் கருத்தின் சாரம். குடிமகன் வேறு, சபை உறுப்பினன் வேறு என்னும் நிலை வளர வளர இவ்வடித்தளம் தளர்ந்தது. 1828இல் பிற சீர்திருத்தச் சபையினர் மீதும், 1829இல் கத்தோலிக்கர் மீதும் இருந்த அரசியல் தடைகள் நீக்கப்பட்டன. அதன்பின் இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதோரும் அமர்ந்த நாடாளுமன்றம் அத்திருச்சபைக்குச் சட்டம் இயற்றும் நிலை உருவாயிற்று. பிற்கால விவாதங்கள் யாவும் இம்முரணிலிருந்தே கிளைக்கின்றன.

2. கலைச்சொல் வேறுபாடு

தமிழில் இப்பொருளை எழுதுவோர் ‘அரச மதம்’ என்னும் ஒரு சொல்லையே பல நிலைகளுக்கும் ஆளுவதுண்டு. இது மூன்று வேறுபட்ட அமைப்புகளை ஒன்றாகக் காட்டிவிடுகிறது.

முதலாவது, அரசமைப்புச் சட்டமே ஒரு சபையைப் பெயர் சுட்டி ஏற்று ஆதரிக்கும் நிலை. டென்மார்க்கின் அரசமைப்பு லூத்தரன் திருச்சபையை மக்கள் திருச்சபையாக ஏற்று, அரசு அதனை ஆதரிக்க வேண்டும் என்று கூறுகிறது. இரண்டாவது, எழுதப்பெற்ற ஒரே அரசமைப்பு நூல் இன்றிப் பல சட்டங்களும் மரபுகளும் சேர்ந்து ஒரு சபையை அரசோடு பிணைத்திருக்கும் இங்கிலாந்தின் நிலை. மூன்றாவது, நாட்டின் திருச்சபை என்னும் தகுதி இருந்தும் அரசின் கட்டுப்பாடு இல்லாத ஸ்காட்லாந்தின் நிலை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்குக் கோட்பாடு, வழிபாடு, ஆளுகை ஆகியவற்றில் தன்னாட்சியை ஏற்றது.

ஒரே முடியாட்சியின்கீழ் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இருவேறு உறவுகளைக் கொண்டிருப்பது நோக்கத்தக்கது. ‘அரசுத் திருச்சபை வேண்டுமா, வேண்டாமா’ என்னும் இருமுனை வினா உண்மை நிலைக்குப் போதாது என்பதை இதுவே காட்டும். இக்கட்டுரையில் சட்டவழி உறவு ‘அரசுப் பிணைப்பு’ என்றும், அதனை விலக்குதல் ‘பிணைப்பு நீக்கம்’ என்றும் சுட்டப்பெறுகின்றன. தென்னிந்தியத் திருச்சபை வழக்கில் பேராயர் எனப்படும் பதவியினர் இங்கு ஆயர் என்றும், அவர்க்கு மேற்பட்ட கேன்டர்பரி, யார்க் பதவியினர் பேராயர் என்றும் குறிக்கப்பெறுகின்றனர்.

3. பிணைப்பின் இழைகள்

அரசுப் பிணைப்பின் முதன்மையான இழைகளை ஐந்தாகப் பகுக்கலாம்.

ஒன்று, முடியுரிமை. 1701ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரியணை ஏறுபவர் இங்கிலாந்துத் திருச்சபையோடு சமய ஒன்றிப்பு உடையவராதல் வேண்டும். கத்தோலிக்கரை மணப்பதற்கு இருந்த தடையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. கத்தோலிக்கர் அரியணை ஏறுவதற்கான தடை நீடிக்கிறது.

இரண்டு, பிரபுக்கள் அவை. கேன்டர்பரி, யார்க் பேராயர்களும் ஆயர்கள் 24 பேரும் பதவி வழியாக அந்த அவையில் அமர்கின்றனர். இந்த 26 பேரும் நாட்டின் எல்லாச் சட்டங்களிலும் வாக்களிக்கும் உரிமை பெற்றவர்கள்.

மூன்று, பதவி நியமனம். ஆயர்களை மன்னரே முறைப்படி நியமிக்கிறார். 1976 முதல் திருச்சபையின் குழு இரு பெயர்களை அளிக்க, பிரதமர் ஒருவரைத் தெரிவு செய்யும் வழக்கம் இருந்தது. 2007இல் கோர்டன் பிரவுன் ஆட்சியில் பிரதமர் அத்தெரிவுரிமையைக் கைவிட்டார்.

நான்கு, சட்டமியற்றல். 1919ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபையின் பேரவைக்குச் சட்டமுன்வரைவு இயற்றும் ஆற்றலை அளித்தது. நாடாளுமன்றம் அதனை ஏற்கலாம் அல்லது தள்ளலாம், திருத்த இயலாது. இயற்றப்பெற்றது நாட்டின் சட்டமாகவே ஆகிறது.

ஐந்து, பங்கு. பங்கு எல்லைக்குள் வாழும் எவரும், சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பங்குக் கோயிலில் மணம் செய்துகொள்ள உரிமை உடையவர்.

இவற்றுள் வரிப்பணம் இடம்பெறாமை கருதத்தக்கது. கோயில் பராமரிப்புக்காகக் கட்டாயமாக வாங்கப்பெற்ற திருச்சபை வரி 1868இல் ஒழிக்கப்பட்டது. குருமாரின் ஊதியம் இன்று திருச்சபையின் பழைய சொத்து வருவாயாலும் மக்கள் காணிக்கையாலும் அமைகிறது. ஆகவே, ‘மக்கள் வரியில் வாழும் சபை’ என்னும் குற்றச்சாட்டு இங்கிலாந்தைப் பொறுத்தவரை பொருந்தாது.

4. எண்ணிக்கை வாதம்: அயர்லாந்தும் வேல்சும்

பிணைப்பு நீக்கக் கோரிக்கையை அமைப்பாகத் திரட்டியவர்களுள் முதன்மையானவர் எட்வர்ட் மியால். அரசுத் திருச்சபைக்கு எதிரான சங்கம் ஒன்றை அவர் 1844இல் தோற்றுவித்தார். அவரும் அவர்தம் தோழர்களும் இறைமறுப்பாளர் அல்லர். அரசின் கை படாத சபையே உண்மையான சபை எனக் கருதிய கிறித்தவர்கள். அரசுத் திருச்சபை எதிர்ப்பு சமய எதிர்ப்பிலிருந்து தோன்றியது என்னும் பொதுக்கருத்து இதனால் மறுக்கப்படுகிறது.

இக்கோரிக்கையின் முதல் வெற்றி அயர்லாந்தில் கிட்டியது. 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு அரசுத் திருச்சபையைச் சார்ந்தோர் சுமார் எட்டில் ஒரு பங்கினரே. பெரும்பான்மைக் கத்தோலிக்க மக்கள் மீது சிறுபான்மையினரின் சபையை அரசுத் திருச்சபையாக நிறுத்துவது நீதியாகாது என்னும் கருத்து வலுப்பெற்றது. 1838இல் அரசுக்கும் திருச்சபைக்கும் உரிய பிணைப்பை வலியுறுத்தி நூல் எழுதிய கிளாட்ஸ்டனே, பிரதமராகி 1869இல் அயர்லாந்துத் திருச்சபைச் சட்டத்தைக் கொணர்ந்தார். 1871 தொடக்கத்தில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

வேல்சில் பிற சீர்திருத்தச் சபையினரே செல்வாக்குப் பெற்றிருந்தனர். தாம் சாராத சபைக்குப் பத்திலொரு பங்கு செலுத்த மறுத்து உழவர்கள் 1880களில் கிளர்ந்தனர். பிரபுக்கள் அவையின் இசைவின்றியே 1914இல் சட்டம் நிறைவேறியது. போரால் தள்ளிவைக்கப்பட்டு 1920இல் நடைமுறைக்கு வந்தது. திருச்சபையின் பழைய அறக்கொடைகளில் பெரும்பகுதி மாவட்ட மன்றங்களுக்கும் வேல்சுப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றது.

இவ்விரு நிகழ்வுகளிலும் எண்ணிக்கையே வலிமையான சான்றாக நின்றது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்சு இரண்டிலுமாகச் சேர்த்துத் தம்மைக் கிறித்தவர் என்றோர் 46.2 விழுக்காட்டினர், சமயமற்றோர் என்றோர் 37.2 விழுக்காட்டினர். பழைய வாதத்தை இங்கிலாந்தில் மீண்டும் எழுப்புவோர் இவ்வெண்களையே சுட்டுகின்றனர்.

5. தன்னாட்சி வாதம்: 1927-28

பிணைப்பு திருச்சபைக்குச் சலுகை என்னும் கருத்தை 1927 டிசம்பர் நிகழ்வு உலுக்கியது. 1662ஆம் ஆண்டின் வழிபாட்டு நூல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிலைபெற்றது. ஆதலால் அதனைத் திருத்தவும் நாடாளுமன்ற இசைவு தேவைப்பட்டது. நீண்ட காலம் உழைத்துத் திருச்சபை உருவாக்கிய திருத்த நூலைப் பிரபுக்கள் அவை ஏற்றது; பொதுமக்கள் அவை 238க்கு 205 என்னும் வாக்குகளில் தள்ளியது. மாற்றங்களுடன் 1928 ஜூனில் மீண்டும் வைக்கப்பெற்றபோது 266க்கு 220 என்னும் வாக்குகளில் அது மறுபடியும் தோற்றது. நற்கருணை வழிபாட்டில் கத்தோலிக்கச் சாயல் புகுகிறது என்னும் அச்சமே மறுப்புக்கு முதன்மைக் காரணம்.

ஒரு சபை தன் இறைவனை எச்சொற்களால் வழிபடுவது என்பதை, அச்சபையைச் சாராத உறுப்பினர்களும் சேர்ந்து வாக்கெடுப்பால் முடிவு செய்தனர். அதுவரை அரசுப் பிணைப்பை ஆதரித்து வந்த டர்ஹாம் ஆயர் ஹென்ஸ்லி ஹென்சன் இதன்பின் பிணைப்பு நீக்கத்தை வற்புறுத்துபவரானார். வழிபாட்டை வகுக்கும் உரிமை 1974ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தால்தான் பேரவையின் கைக்கு வந்தது. ஆயினும் நாடாளுமன்றத்தின் நிழல் அகலவில்லை. 2012 நவம்பரில் பெண்களை ஆயர்களாக்கும் முன்மொழிவு பேரவையின் பொதுநிலையினர் அவையில் மூன்றில் இரு பங்கு வாக்குப் பெறாமல் தோற்றபோது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளிப்படையாகக் கண்டித்தனர். 2014இல் அம்மாற்றம் நிறைவேறியது. முன்னதில் நாடாளுமன்றம் பழமையின் காவலராகவும் பின்னதில் மாற்றத்தின் தூண்டுகோலாகவும் நின்றது. இரண்டிலும் திருச்சபை முழுத் தன்னுரிமை உடையதாக இல்லை.

6. பிணைப்பு சுமத்தும் கடமை

2013ஆம் ஆண்டின் ஒருபாலினத் திருமணச் சட்டம் இவ்வுறவின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. பிற சமய அமைப்புகள் விரும்பினால் அத்தகைய மணங்களை நடத்த அச்சட்டம் வழி செய்தது. பங்கு மக்களுக்கு மணம் நடத்தும் கடமை இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏற்கெனவே இருந்தமையால், அக்கடமை புதிய மணங்களுக்கு விரியாதவாறு தனி விதி தேவைப்பட்டது.

1920இலேயே பிணைப்பு நீங்கிய வேல்சுத் திருச்சபைக்கும் தனி விதி தேவைப்பட்டமை கருதத்தக்கது. பிணைப்பு நீக்கத்திற்குப் பின்னரும் பங்கு மக்களின் மண உரிமை அங்கு எஞ்சியிருந்தது. ஓர் இழையை அறுத்தால் மற்றவை தாமே அறுந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

7. பிணைப்பை ஆதரிப்போர்

பிணைப்பை ஆதரிப்போர் அனைவரும் அத்திருச்சபையினர் அல்லர். யூதத் தலைமை குருவாக விளங்கிய ஜோனதன் சாக்ஸ் அரசுத் திருச்சபை நீடிப்பதை ஆதரித்தார். பன்மைப் பண்பாட்டுக் கோட்பாட்டாளர் தாரிக் மோதூத், இன்றைய தளர்ந்த பிணைப்பு சிறுபான்மைச் சமயத்தாருக்குத் தீங்கானதன்று என்றும், பொதுவெளியில் சமயத்திற்கு இடம் உண்டு என்பதை அது உறுதி செய்கிறது என்றும் வாதிட்டார். மற்றச் சமயங்களுக்கும் அவ்விடத்தை விரிக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு.

இதற்கு எதிர்வாதமும் வலிமை உடையது. விருந்தோம்பும் இல்லத்தார் எத்துணை அன்புடையவராயினும் விருந்தினர் விருந்தினரே. குடியுரிமை விருந்தோம்பலைச் சார்ந்திருத்தல் ஆகாது. பிரபுக்கள் அவையின் ஆயர் இருக்கைகள் இவ்விடத்தில் சிறப்பாகக் கேள்விக்குள்ளாகின்றன. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்கள் ஸ்காட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து மக்களுக்குரிய சட்டங்களிலும் வாக்களிக்கின்றனர். அம்மூன்று நிலப்பகுதிகளிலும் அவர்களது சபை அரசுத் திருச்சபை அன்று.

8. இந்தியத் திருச்சபைச் சட்டமும் தென்னிந்திய ஒன்றிப்பும்

இவ்விவாதத்திற்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பும் உண்டு. இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கன் சபை நெடுங்காலம் இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப் பகுதியாகவே இருந்தது. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய தென்னிந்தியச் சபைத் தலைவர்கள் சபை ஒன்றிப்பை நோக்கிய முயற்சியைத் தொடங்கினர். திருநெல்வேலிப் பகுதியில் பிறந்து 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரான வேதநாயகம் அசரியா அதில் முன்னின்றார். 1927இல் இயற்றப்பெற்ற இந்தியத் திருச்சபைச் சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்து இந்தியச் சபையை அச்சட்டப் பிணைப்பிலிருந்து விடுவித்தது. தன் எதிர்காலத்தைத் தானே முடிவு செய்யும் நிலை பெற்ற சபையின் நான்கு மறைமாவட்டங்கள், பிற சீர்திருத்தச் சபைகளோடு இணைந்து 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாயின.

தாய்ச்சபைக்குத் தன் வழிபாட்டு நூலைத் திருத்தும் உரிமையை மறுத்த அதே ஆண்டில், அதே நாடாளுமன்றம், இந்தியச் சபைக்கு முழுத் தன்னாட்சி அளித்தது.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் அரசுத் திருச்சபை விவாதத்தில் மூன்று வினாக்கள் கலந்திருத்தல் புலப்படும். சட்டம் இயற்றும் அவையில் ஒரு சபைக்கு மட்டும் இருக்கை தகுமா என்பது குடிமக்கள் சமத்துவம் பற்றிய வினா. சபையின் முடிவுகளில் நாடாளுமன்றம் தலையிடலாமா என்பது சமய உரிமை பற்றிய வினா. பங்கில் வாழும் எவருக்கும் சபை பணி செய்யக் கடமைப்பட்டதா என்பது பொதுநலம் பற்றிய வினா. ஆயர் இருக்கைகளை நீக்கிப் பங்குக் கடமையை வைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தைப் போலத் தன்னாட்சி அளித்து நாட்டின் திருச்சபை என்னும் தகுதியை நிறுத்தலாம். முதல் வினாவுக்கு விடை சொல்பவர் மற்ற இரண்டுக்கும் விடை சொன்னவராகார்.

தமிழில் சமயச்சார்பின்மை குறித்து எழுதப்பெறும் ஆய்வுகளுக்கும் இப்பகுப்பு பயன்தரும். ஒரு நாட்டில் அரச மதம் உளதா என்று வினவுவதோடு அமையாமல், எந்த உறவு, எச்சட்டத்தால், யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று வினவுதலே ஆய்வுக்கு உரிய முறையாகும்.