கொங்குக் குரல்கள் – 7: லட்சம் கேட்ட குரல்

பீஸ் ரேட் பேசி முடிக்காமல் திருப்பூரில் யாரும் மிஷினில் உட்கார மாட்டார்கள். அங்கிருந்து காங்கயம், முத்தூர் வழியாகக் கிழக்கே போனால் காவிரிக்கரையில் கொடுமுடி. தன் பாட்டுக்குத் தானே விலை சொன்ன ஒரு பெண் 1908-ல் அங்கே பிறந்தார். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள், சுருக்கமாக கே.பி.எஸ்.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். வயிற்றுப்பாட்டுக்கு ரயிலில் பாடிய சிறுமியை வேலு நாயர் நாடகக் கம்பெனி சேர்த்துக்கொண்டது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியில் துடிக்கும் பிள்ளை வேஷம். அந்தப் பசியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மைக் இல்லாத காலம். தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்தவருக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பழக்கம்தான் கடைசிவரை அவர் உச்சரிப்பில் நின்றது.

1926-ல் இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். ‘வள்ளி திருமண’த்தில் அவர் வேலன், இவர் வள்ளி. இருவரும் போட்டி போட்டுப் பாடுவதைக் கேட்கவே கூட்டம் அலைமோதியது. மேடை ஜோடி வாழ்க்கையிலும் ஜோடியானது. பிணக்கும் பிரிவும் கூடவே வந்தன. 1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். கே.பி.எஸ்ஸுக்கு வயது 25.

குழுவை விட்டு விலகித் தனி ஆல்பம் போடுவது இன்றைய பாப் பாடகர்களுக்குத் தொழில் கணக்கு. கே.பி.எஸ்ஸைத் தனியாக்கியது சாவு. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஒதுங்கியிருந்தவரைத் திரும்பப் பாட அழைத்துவந்ததில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்குப் பெரும் பங்குண்டு. கதர் உடுத்தி காங்கிரஸ் மேடைகளில் பாடினார்.

பிறகுதான் ‘நந்தனார்’. சினிமாவைத் தட்டிக்கழிக்கத்தான் லட்சம் ரூபாய் கேட்டார், தயாரிப்பாளர் ஹசன்தாஸ் சரியென்றுவிட்டார் என்பார்கள். சவரன் முப்பது ரூபாய்க்கும் கீழே விற்ற காலம் அது. 1935-ல் வந்த அந்தப் படத்தில் நந்தனாராக ஆண் வேஷமே கட்டினார். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படம் ஓடவில்லை. ஆனால் அவர் விலை இறங்கவில்லை.

1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’. ‘திருவிளையாட’லில் கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானப்படுத்தும் அதே கிழவியை இன்றும் டிவியில் பார்க்கிறோம். இவற்றுக்கு முன்பே, 1951-ல் சட்ட மேலவைக்கும் போனார். ‘துணைவன்’ படப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ.

காதல் ஜோடிகளை நம்பியே படம் எடுத்த சினிமாவில், ஜோடியே இல்லாமல் நாற்பது வருஷம் நின்றவர் அவர். நிபந்தனை போட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் எந்தத் தொழிலிலும் உண்டு. கூலி பேசக் கூச்சப்படும் பெண்கள் அவர்களிடம் கே.பி.எஸ். பெயரைச் சொல்லலாம்.

(தொடரும்)