பகைவர் கட்டிய பாசறைகள்



விடுமுறைக் காலத்தில் இளைஞரை ஓரிடத்திற் கூட்டி, சில நாட்கள் ஒருங்கே வாழச் செய்யும் வழக்கம் நம் நாட்டுத் திருச்சபைகளில் நெடுங்காலமாக உண்டு. இதனையே பாசறை என்கிறோம். இத்தகைய பாசறைகளை நடத்திவரும் நண்பர் ஐவரும் நானுமாக ஐரோப்பாவில் இரண்டு இடங்களைக் கண்டு வந்தோம். ஒன்று பிரான்சிலுள்ள தேசே. மற்றது இத்தாலியிலுள்ள அகாப்பே. புறப்பட்டபோது நாம் கொண்டு சென்ற கேள்விகள் நிகழ்ச்சி நிரலையும் விளையாட்டையும் பற்றியவை. திரும்பியபோது நம் மனத்தில் எஞ்சியிருந்த கேள்வியோ வேறு. அதனை உங்கள்முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தேசே என்பது பேர்கண்டிப் பகுதியில், குளூனி என்னும் பழைய துறவுமட நகருக்கு வடக்கே, குன்றின்மேல் அமைந்த சிற்றூர். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ரோஜர் என்னும் இருபத்தைந்து வயதுச் சுவிற்சர்லாந்து இளைஞர் ஜெனீவாவிலிருந்து துவிச்சக்கர வண்டியில் அங்கு வந்து சேர்ந்தார். அப்பொழுது பிரான்சு போரில் தோற்று இரு கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிரிவெல்லையோ அவ்வூருக்கு அணித்தாக இருந்தது. எல்லை கடந்து ஓடிவந்த அகதிகளுக்கு, யூதர்களும் உட்பட, அவர் தம் வீட்டில் அடைக்கலம் அளித்தார். 1942இல் இச்செய்தி வெளிப்படவே அவ்விடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. 1944இல் தோழர்களுடன் திரும்பினார்.

போர் முடிந்தபின் அவர் செய்தது யாது? அயலில் ஜேர்மன் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். எவருடைய படையிடமிருந்து அகதிகளை முன்னர் ஒளித்துக் காத்தாரோ, அவர்களையே ஞாயிற்றுக்கிழமைகளில் உணவுக்கும் வழிபாட்டுக்கும் அழைத்தார். 1949ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று ஏழு பேர் ஆயுட்கால நோன்பு ஏற்றனர். வெவ்வேறு திருச்சபையினர் சேர்ந்து வாழும் துறவுக் குழுவாக அது வளர்ந்தது. இன்று அங்குள்ள பெரிய ஆலயத்தின் பெயர் ஒப்புரவு ஆலயம். 1962இல் திறக்கப்பெற்ற அதனைக் கட்டியவர்கள், தம் நாடு இழைத்த கொடுமைக்குப் பரிகாரமாகத் துன்புற்ற நாடுகளிற் பணிசெய்ய முன்வந்த ஜேர்மன் இளைஞர்களே.

அங்கு ஒரு ஞாயிறு தொடங்கி மறு ஞாயிறு வரை இளைஞர் தங்குகின்றனர். நாள்தோறும் மும்முறை மணி ஒலிக்க, யாவரும் ஆலயத்தின் தரையில் அமர்கின்றனர். சிறு அடிகளைப் பல மொழிகளில் திரும்பத் திரும்பப் பாடுகின்றனர். பின்னர் சில நிமிடங்கள் பூரண மௌனம். உணவு எளியது, உண்பதற்கு ஒரு கரண்டி மட்டுமே. பரிமாறுதல், கழுவுதல், கூட்டுதல் யாவும் வந்தவர் கைகளாலேயே நடைபெறுகின்றன. சகோதரர்களோ தமக்கென நன்கொடை பெறுவதில்லை. தம் உழைப்பால் வாழ்கின்றனர்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், மாலை வழிபாட்டின்போது, தொண்ணூறு வயதினரான சகோதரர் ரோஜர் மனநோயுற்ற பெண்ணொருத்தியின் கத்திக்கு இரையானார். அடக்க ஆராதனையில், அவருக்குப்பின் தலைமையேற்ற சகோதரர் அலோய்ஸ், அப்பெண்ணை மன்னிக்குமாறு இறைவனை வேண்டினார். ஒரு பாசறையின் போதனையைச் சோதிக்கும் வேளை இதனினும் கடியது உண்டோ?

அடுத்து அகாப்பே. இது வட இத்தாலியின் பியட்மண்ட் பகுதியில், ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கிலுள்ள பிராலி என்னும் ஊரில் உள்ளது. அம்மலைப் பகுதி வால்டென்சியர் எனப்படும் சிறுபான்மைக் கிறித்தவர்களின் தாயகம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றிப் பல நூற்றாண்டுகள் ஒடுக்கப்பட்ட இச்சமூகத்திற்கு 1848இலேதான் குடியியல் உரிமை கிட்டியது. அச்சபையின் போதகரான துல்லியோ வினாய், போர்க்காலத்தில் புளோரன்சு நகரில் யூதர்களைக் காப்பாற்றியவர். வெறுப்பு விளைந்த நிலத்தில் அன்புக்கு ஓர் அடையாளம் எழவேண்டும் என அவர் விரும்பினார். அகாப்பே என்பது அன்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 1947 முதல் 1951 வரை, போரில் எதிரெதிர் அணிகளில் நின்ற நாடுகளின் இளைஞர்கள் தோளோடு தோள் நின்று, கல் சுமந்து, சுவர் எழுப்பி அவ்விடத்தைக் கட்டினர். வேலைப்பாசறை நடத்தும் மரபு அங்கு தொடர்ந்து வந்துள்ளது.

இவற்றைக் கண்டபின் எமக்குள் கருத்து வேறுபாடு எழாமலில்லை. 'ஐந்து நாட் பாசறைக்கு வரும் நம் பிள்ளைகள் மௌனத்தைத் தாங்குவார்களா? விளையாட்டின்றேல் அவர்கள் வரவே மாட்டார்கள்' என்றார் அனுபவம் மிக்க நண்பர் ஒருவர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் துறவியரின் முறையை நாம் அப்படியே பெயர்த்து நட முடியாது.

ஆயினும் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, பேச்சுக்கு முன் வேலை. ஒரே கல்லை இருவர் தூக்கும்போது, மொழி தெரியாதவனும் மற்றவனது மூச்சை அறிவான். நான் நடத்திய பாசறைகளிலோ சமையலுக்கும் துப்புரவுக்கும் கூலியாட்களை வைத்தோம். ஒழுங்குக்காகச் செய்தோம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். பிள்ளைகளுக்குரிய முதற்பாடத்தைப் பணங் கொடுத்து அகற்றினோம் என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

இரண்டாவது, அழைப்பு. இவ்விரு பாசறைகளும் வேண்டியவர்களைக் கூட்டி மகிழ்ந்ததால் எழுந்தவையல்ல. வேண்டாதவர்களை அழைத்ததால் எழுந்தவை. நம் நாட்டில் 2009இல் போர் ஓய்ந்தது. இருந்தும், நம் பாசறைகளுக்கு வருவோரின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மொழி, ஒரே சபை. இழப்புக்களை மறந்துவிடுமாறு எவரிடமும் கேட்க எனக்கு உரிமையில்லை. ரோஜரும் வினாயும் நடந்தவற்றை மறந்து செயற்பட்டவர்களல்லர், அறிந்தே செயற்பட்டவர்கள்.

ஆகவே, அடுத்த பாசறையைத் திட்டமிடும் தலைவர்கள் கூடும்போது, எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்குக்கு முன், யாரை நாம் இதுவரை அழைக்கவில்லை என்று ஒருவரையொருவர் கேட்பார்களாக. நாம் அறுவரும் ஊர் திரும்பியதும் எழுதிய முதற்கடிதம், சிங்கள மொழியிற் பாசறை நடத்தும் அன்பர் ஒருவருக்கே. விடை இன்னும் வரவில்லை. ஆயினும் அடுத்த பாசறையில் அவர்களுக்கென இடம் ஒதுக்கி வைத்துள்ளோம்.